நாணேற்றும் கலை

மிதிலையில் இராமன் வில்லெடுத்த காட்சியைக் கம்பராமாயணத்திற் படியாத மாணவர் நம்மிடையே மிகச் சிலரே. இமை கொட்டாது நோக்கியிருந்தவர்களும், அவன் வில்லைத் தாளிலே பொருத்தியதையும் அதன் நுனியிலே நாணை வைத்ததையும் காணவில்லை என்கிறார் கம்பர். அவர்கள் அறிந்தவை தொடக்கமும் முடிவுமே. வகுப்பறையில் இப்பாடலை விளக்கும்போது, நாமும் இராமனின் விரைவை வியந்துவிட்டு அப்பாற் சென்றுவிடுகிறோம். ஆயினும் அவையோர் காணத் தவறிய அவ்விரு செயல்களே நாணேற்றும் கலையின் உயிர்நிலை. அக்கலை வலிமையை மட்டும் சார்ந்ததன்று, முறையறிவைச் சார்ந்தது.

வில் எந்நேரமும் நாண் பூட்டிய நிலையில் இருப்பதில்லை. மரவில் ஓயாது வளைந்தே கிடந்தால் அதன் விசை தளரும். ஆதலால் தொழில் முடிந்ததும் நாணைக் கழற்றிவிடுவர். நாணோ வில்லினும் நீளம் குறைந்தது. வில்லை வளைத்தாலன்றி, நாணின் இரு கண்ணிகளும் குதை எனப்படும் முனை வெட்டுகளிற் சென்று பொருந்தா. வில் வளைந்தும் கண்ணி இன்னும் மாட்டப்படாமலும் இருக்கும் அந்தக் கணமே ஆபத்தானது. கை நழுவினால் வில்லின் முனை முகத்தைத் தாக்கும், கண்ணையும் போக்கிவிடக்கூடும். விசை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வில் முறுகும், அல்லது முறியும்.

கம்பர் ஒரு நொடியில் மறைத்த இக்கணத்தைக் கிரேக்கப் பெருங்கவி ஹோமர் நிதானமாக விரித்துக் காட்டுகிறார். ஒடிசியின் 21ஆம் பாகத்திலே, 20 ஆண்டுகளாகத் தன் இல்லம் சேராத ஒடிசியஸின் வில்லில் நாணேற்றி, 12 கோடரிகளினூடே அம்பு செலுத்துபவனையே மணப்பேன் என்கிறாள் அவன் மனைவி பெனலோப்பி. அவளை விரும்பி வந்தோர் வில்லைத் தீயிற் காட்டுகின்றனர், கொழுப்புப் பூசுகின்றனர், முயன்றவர் எல்லாம் தோற்கின்றனர். இரவலன் கோலத்தில் இருந்த ஒடிசியஸ் அதை வாங்கியவுடன் வளைக்க முற்படவில்லை. இப்புறமும் அப்புறமும் திருப்பி, தான் இல்லாத காலத்திற் புழு அதன் கொம்பை அரித்துவிட்டதோ என்று ஆராய்கிறான். பின்னரே, பாடகன் ஒருவன் தன் யாழிலே நரம்பு பூட்டுவதுபோல எளிதாக நாணேற்றுகிறான்.

கொம்பு என்ற குறிப்பைக் கொண்டு அதைக் கூட்டு வில் என்று கருதும் அறிஞர் பலர். கூட்டு வில்லில் எய்பவனை நோக்கிய பக்கம் கொம்பு, நடுவே மரம், அப்புறத்திலே விலங்கின் தசைநார், இவற்றைப் பிணைப்பது பசை. நாண் நீங்கியதும் இத்தகைய வில் எதிர்ப்புறமாகச் சுருண்டு கொள்ளும். இதை அறியாதவன், காணும் வளைவின் வழியே மேலும் வளைக்க முயன்று வில்லையே முறித்துவிடுவான். ஒடிசியஸ் செய்ததுபோல முதலில் நோக்குதலே முதற் காவல்: வில்லில் வெடிப்பு உண்டா, நாணின் இழை நைந்துள்ளதா, வளைய வேண்டிய திசை எது என மூன்றையும் தெளிதல் வேண்டும்.

மென்மையான நேரிய மரவில்லுக்குக் கம்பர் கூறும் தாளே போதும். கீழ்க்கண்ணியை மாட்டி, அம்முனையைத் தரையிற் படாதவாறு ஒரு பாதத்தின் உட்புறத்தில் ஊன்றுக. ஒரு கை நடுப்பிடியைத் தன்பால் இழுக்க, மறு கையின் அடிப்பகுதி வில்லின் மேற்பாதியை அப்பால் தள்ள வேண்டும். அக்கையின் விரல்களே மேற்கண்ணியைக் குதைக்கு நகர்த்தும். நாணுக்கும் வில்லுக்கும் இடையே விரல் அகப்படலாகாது.

வலக்காலை நாணுக்கும் வில்லுக்கும் இடையே புகுத்தி, கீழ்முனையை இடக் கணுக்காலின் முன்னே தங்கவைத்து, நடுப்பிடியை வலத்தொடையின் பின்னே பொருத்தி, மேற்பாதியைக் கையால் முன்னோக்கி வளைப்பது இன்னொரு முறை. உடல் முழுவதும் இதற்குத் துணைபுரியும். ஆனால் கை சிறிது பக்கம் சாய்ந்தாலும் வில் முறுகிவிடும் என்பதே இதன் குற்றம்.

தனியொருவருக்கு எல்லாவற்றினும் பாதுகாப்பானது துணைக்கயிறு. அதன் இரு நுனிகளிலுமுள்ள சிறு தோலுறைகளை வில்லின் முனைகளில் மாட்டி, தொங்கும் கயிற்றின் நடுவை இரு கால்களாலும் மிதித்துக்கொண்டு, நடுப்பிடியை நேராக மேலே தூக்க வேண்டும். இரு பாதியும் ஒத்து வளையும், முறுகல் இல்லை. மேற்கண்ணி குதையில் அமர்ந்ததும் மெல்லத் தாழ்த்திப் பார்த்த பின்பே கயிற்றை நீக்குக. எம்முறையிலும் முகம் வில்முனையின் பாதையில் இருத்தலாகாது.

கடுமையான கூட்டு வில்லுக்கு இருவர் வேண்டும். ஒருவர் வளைக்க மற்றவர் நாணை மாட்டுவர். கொரிய வில்லாளர் தம் கொம்பு வில்லை வெதுவெதுப்பான பெட்டியிற் காத்து, இளஞ்சூட்டிலே இணக்கிய பின்பே நாணேற்றுவர். பெனலோப்பியை நாடி வந்தோர் தீயை நாடியது முழு அறியாமை அன்று என்பதை இதனால் உணரலாம். ஆயினும் சூடு மிகுந்தால் பசை நெகிழ்ந்துவிடும்.

நாணேறிய பின்னும் ஒரு கடமை உண்டு. இரு கண்ணிகளும் குதைகளில் நன்கு அமர்ந்தனவா, நாண் வில்லின் நடுவே நேராக ஓடுகிறதா என்று பாராமல் இழுத்தல் தவறு. அம்பின்றி நாணை இழுத்து விடுவதோ வில்லைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

மிதிலையில் வில் முறிந்தது மங்கலமாயிற்று. ஒரு திருமணம் கூடிற்று. நம் கையில் முறியும் வில்லுக்கு அத்தகைய பேறு இல்லை. ஆகவே அடுத்த முறை கம்பரின் அப்பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், தாளிலும் நுனியிலும் சற்றே தங்கிச் செல்வாராக. இராமனின் விரைவை வியக்கும் மாணவன், ஒடிசியஸின் நிதானத்தையும் அங்கே கற்றுக்கொள்ளட்டும்.