சித்திரக்கதை விழாவும் வாசகர் கூட்டமும்

ஓவியமும் எழுத்தும் ஒன்றையொன்று தழுவி நின்று கதை சொல்லும் நூல்வகை சித்திரக்கதை எனப்படும். தமிழ்நாட்டார் அதனைப் படக்கதை என்றும் காமிக்ஸ் என்றும் வழங்குவர். அதனை வரைவோரும், வெளியிடுவோரும், வாசிப்போரும் ஆண்டுக்கொரு முறை ஓரிடத்திற் கூடும் விழாக்கள் உலகின் பல பாகங்களிலும் பெருகி வருகின்றன. ஆங்கிலம் பேசுவோர் ‘கொமிக் கொன்’ எனச் சுருக்கி வழங்கும் இவ்விழாவினைச் சிறுவர் கேளிக்கை என்று கருதுவோர் உளர்; வணிகர் தம் பண்டங்களை விற்கும் சந்தை என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் ஓரளவு உண்மையேயாயினும், விழா நிலைத்து வளர்வதற்குரிய காரணம் அவற்றுள் இல்லை. வாசகர் பார்வையாளராய் நின்றுவிடாது பங்காளராய் மாறும் இடத்திலேயே இத்தகைய விழா வேரூன்றுகின்றது. பிற நாட்டு விழாக்களின் வரலாறும், தமிழகத்து ஈரோட்டில் நிகழும் வாசகர் சந்திப்பும் இதனைப் புலப்படுத்துவன. யாழ்ப்பாணத்தார் சிந்தித்தற்குரிய செய்தியும் இதனுள் அடங்கியுள்ளது.

கலையின் தொன்மை

படத்தின் கீழ் எழுத்தை வைத்துக் கதை நடத்தும் முறை தமிழர்க்குப் புதியதன்று. திருவாரூர்த் தியாகராசர் திருக்கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில், முசுகுந்தச் சக்கரவர்த்தியின் வரலாறு நிரல்நிரலாகத் தீட்டப்பெற்றுள்ளது. இந்திரனிடமிருந்து தியாகேசர் திருவுருவத்தை அவ்வரசர் பெற்றுத் திருவாரூருக்குக் கொணர்ந்த செய்தி, காட்சி காட்சியாகப் பகுக்கப்பட்டு, தமிழ்க் குறிப்புகளுடன் விளங்குகின்றது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வோவியங்களில், ஓவியன் சிங்காதனம் என்பான் தன் பெயரையும் பொறித்துள்ளான். காட்சியைப் பகுத்தல், வரிசைப்படுத்தல், எழுத்தாற் பொருளைத் தெளிவித்தல் என்னும் மூன்றும் இன்றைய சித்திரக்கதைக்கும் இலக்கணமாதல் நோக்கற்பாலது.

கூடியிருந்து நூல் பயிலும் வழக்கமும் ஈழத்துச் சைவர்க்கு நன்கு பழக்கமானதே. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிகழும் புராணபடனத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். சூழ்ந்திருப்போர் கேட்டு மட்டும் அமையாது, பொருள்பற்றி ஐயம் எழுப்புதலும் உண்டு. நூல் ஒன்று, அதனை விரும்பும் கூட்டம் ஒன்று, அக்கூட்டம் கூடுதற்குக் குறித்த காலம் ஒன்று என்ற அமைப்பே, பொருளால் வேறாயினும் வடிவால், சித்திரக்கதை விழாவிலும் காணப்படுவது.

பிற நாட்டு விழாக்கள்

அமெரிக்க நாட்டுச் சான் டியேகோ நகரில் நிகழும் விழாவே இவற்றுட் பெரும் புகழ் வாய்ந்தது. 1970 மார்ச்சு மாதத்தில் ஒரு நாட் கூட்டமாக அஃது தொடங்கியபோது வந்தோர் ஏறத்தாழ நூற்றுவர். அவ்வாண்டு ஓகஸ்டில் மூன்று நாள் நடந்த விழாவுக்கு முந்நூற்றுவரளவில் வந்தனர். இன்று அங்குச் செல்வோர் தொகை 130,000 இற்கும் அதிகம். ஆயினும் இவ்வளர்ச்சியோடு திரைப்பட நிறுவனங்களின் விளம்பரமும் அங்கே பெரிதும் புகுந்துவிட்டது. சித்திரக்கதையை நாடிச் செல்வோர், அதனைத் தேடிக் காணவேண்டிய நிலை அவ்விழாவில் ஏற்பட்டுள்ளது என்று பழைய வாசகர் குறைகூறுவர்.

யப்பான் நாட்டுக் ‘கொமிக்கெற்’ வேறொரு வழியில் வளர்ந்தது. 1975 டிசெம்பர் 21ஆம் நாள் ரோக்கியோவில் முதன்முதல் அது கூடியபோது 32 குழுவினர் தாமே வரைந்து தாமே அச்சிட்ட நூல்களை மேசைகளிற் பரப்பி வைத்தனர். வந்தோர் ஏறத்தாழ எழுநூற்றுவர். 2019ஆம் ஆண்டில் நான்கு நாள்களில் வந்தோர் கணக்கு ஏழு இலட்சத்தைக் கடந்தது. இத்துணை விரிந்த பின்னரும், தொடக்கத்து நெறி ஒன்றை அவ்விழா கைவிடவில்லை. அங்கு ‘வாடிக்கையாளர்’ என ஒருவரும் இலர். நூல் விற்பவர், வாங்குபவர், ஒழுங்கு செய்பவர் ஆகிய அனைவரும் ‘பங்குபற்றுவோர்’ என்றே கருதப்படுவர். பிறர் நூலை வாங்கிச் சென்ற மாணவி, சில ஆண்டுகளுக்குப் பின் தன் நூலோடு மேசைக்குப் பின்னால் அமர்வதற்கு அந்நெறி வழிவகுக்கின்றது.

விழா சிறப்படைதற்குத் தலைநகரமே வேண்டுமென்பதில்லை. பிரான்சு நாட்டின் அங்குலெம், யாழ்ப்பாண மாநகரினும் சிறியதோர் ஊர். 1974ஆம் ஆண்டிலே அங்குத் தொடங்கிய விழாவினால் அவ்வூர் ஐரோப்பியச் சித்திரக்கதையின் உறைவிடமாயிற்று. நூதனசாலையும் அங்கு எழுந்தது. ஆயின் 2026 சனவரியில் நிகழவேண்டிய விழா நிகழவில்லை. விழாவை நடத்திய நிறுவனத்தின் போக்கை ஏற்காத ஓவியரும் எழுத்தாளரும் பெருந்தொகையினராய் விலகி நிற்க, வெளியீட்டாளரும் அவர்களைப் பின்பற்றினர், விழா கைவிடப்பட்டது. படைப்போர் உள்ளம் பிரிந்த வழி, ஐம்பதாண்டுப் புகழும் விழாவைக் காக்கவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இந்தியாவில் இத்தகைய விழா 2011ஆம் ஆண்டில் டில்லியில் தொடங்கிப் பிற நகரங்களுக்கும் பரவி, 2024 பெப்ரவரியிற் சென்னையை அடைந்தது. இலங்கையில் 2015ஆம் ஆண்டில் கொழும்பில் ‘லங்கா கொமிக் கொன்’ தொடங்கப்பெற்றது. கதைமாந்தர்போல் வேடம் புனைந்து வருதல், ஓவியர் தம் படைப்பை விற்றல், சொற்பொழிவு, விளையாட்டு முதலியன இவ்விழாக்களிற் பொதுவாக இடம்பெறுவன.

தமிழ்ச் சித்திரக்கதையும் ஈரோடும்

தமிழிற் சித்திரக்கதை நூல்கள் பரவலாக வாசிக்கப்பட்டமைக்குச் சிவகாசி அச்சுத்தொழில் பெருந்துணை புரிந்தது. 1972ஆம் ஆண்டில் எம். சௌந்தரபாண்டியன் அங்கு ‘முத்து காமிக்ஸ்’ வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் நூல் ‘இரும்புக்கை மாயாவி’. பிரித்தானிய வார இதழ் ஒன்றில் 1962 முதல் வெளிவந்த அக்கதைக்கு எசுப்பானிய ஓவியர் ஏசூசு பிளாஸ்கோ படம் வரைந்தார். ஆய்வுகூட விபத்தில் வலக்கையை இழந்து உருக்குக் கை பொருத்தப்பெற்ற லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, கை மட்டும் வெளித்தோன்ற உலாவுவான். மொழிபெயர்ப்பேயாயினும் இப்பாத்திரம் தமிழ் வாசகர் தமதென ஏற்றுக்கொண்ட ஒன்றாயிற்று. 1984 யூலையில் சௌந்தரபாண்டியனின் மைந்தர் எஸ். விஜயன் ‘லயன் காமிக்ஸ்’ வெளியீட்டைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமத்தாரின் ‘ராணி காமிக்ஸ்’ இதழும் அவ்வாண்டிலேயே தோன்றி 2005 வரை நடைபெற்றது.

தொலைக்காட்சி பெருகிய காலத்தில் இவ்வகை நூல்களின் விற்பனை குன்றியது. லயன், முத்து வெளியீடுகள் நெடு இடைவெளிகளோடு வந்துகொண்டிருந்தன. 2012ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவை புதுப்பொலிவுடன் மீண்டும் ஒழுங்காக வெளிவரலாயின. பிறநாட்டு உரிமையாளர்க்குப் பணம் செலுத்தி, வண்ணத்தில், நல்ல தாளில் அச்சிடும் நூலை மிகக் குறைந்த விலைக்குக் கடைகளிற் குவித்து விற்றல் இயலாது. ஆதலின் ஆண்டுச் சந்தாவும் முன்பதிவும் அவ்வெளியீட்டின் தூண்களாயின. வாசகர் முன்பணம் செலுத்துவதாயின், எந்நூல் வரவேண்டும் என்பதிற் சொல்லுரிமையும் கேட்பரன்றோ? அவ்வுரிமை நேர்முகமாக நிகழும் களமாக ஈரோடு அமைந்தது.

ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் புத்தகத் திருவிழாவையொட்டி, லயன்–முத்து வாசகர் கூடும் வழக்கம் 2010களில் உருவாயிற்று. வேடப்போட்டியோ திரைநட்சத்திர வருகையோ அங்கு முதன்மையில்லை. ஒரு மண்டபம், சில நாற்காலிகள், புதிதாய் வெளிவந்த நூல், அதன் பதிப்பாசிரியர், தொலைவூர்களிலிருந்து வந்த வாசகர் ஆகியோரே விழாவின் உறுப்புகள். மொழிபெயர்ப்பிற் குறை கூறுவர். பழைய கதையை மறுபதிப்புச் செய்யுமாறு வேண்டுவர். வரும் ஆண்டின் பட்டியல்பற்றி வாதிடுவர். வான் ஆம், வில்லியம் வான்சு என்னும் இருவர் படைத்த நெடுங்கதை தமிழில் ‘இரத்தப் படலம்’ எனப்பெயர் பெற்றது. வாசகரின் இடைவிடாத வேண்டுகோளாலும் முன்பதிவாலும் அது வண்ணத் தொகுப்பாகி 2018ஆம் ஆண்டில் ஈரோட்டில் வெளியாயிற்று. கூட்டத்தின் விருப்பம் நூலாக உருப்பெறுதலை இதனிற் காணலாம்.

யாழ்ப்பாணத்து நிலை

யாழ்ப்பாணமும் சிரிப்புச் சித்திரத்துக்குப் பேர்போன நாடே. கரவெட்டி ஈன்ற சி. சிவஞானசுந்தரம் (1924–1996) ‘சுந்தர்’ என்னும் பெயரால் வரைந்த சவாரித் தம்பர் தினகரனில் வெளிவந்து வீடுதோறும் அறிமுகமானார். 1960களில் கொழும்பில் அவர் தொடங்கிய ‘சிரித்திரன்’ பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. மிஸிஸ் டாமோடிரன், மைனர் மச்சான் முதலிய பாத்திரங்கள் வாயிலாகப் போலி நாகரிகத்தையும் சீதனப் பேராசையையும் உத்தியோக மோகத்தையும் அவர் நகையாடினார். இவை நெடுங்கதைகளல்ல, பெரும்பாலும் ஓரிரு கட்டங்களில் முடிவன. எனினும் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியும், வேலியும் படலையும், சால்வையும் சுருட்டும் படத்திற் பதிந்தமைக்கு அவையே சான்று.

இவ்வகை நூல்களின் வாழ்வு நிலையற்றது. வாசித்து முடித்ததும் கைமாறிச் செல்வன. கட்டடஞ் செய்து வைப்போர் அரியர். நூலகங்களும் அவற்றைச் சேர்ப்பதில் அக்கறை காட்டியதில்லை. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டால், கிடைத்த ஒரு நூல் பலர் கையிற் சுழன்று தேய்ந்தது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் வீடு வாசலைத் துறந்து இடம்பெயர்ந்தபோது, கைக்கு அகப்பட்டவற்றுள் உறுதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் முந்தின. பழைய சித்திரக்கதைக்கு இடம் ஏது? இந்நிலையிலும் 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நூலகம் மின்னூலகத்தில் சிரித்திரன் இதழ்கள் பல படியெடுத்துப் பாதுகாக்கப்பட்டுள்ளன. தனியார் பேணிவைத்த பிரதிகள் வெளிவந்தமையாலேயே இத்தகைய பணி கைகூடுகின்றது.

ஈண்டுதான் விழாவின் பயன் தெளிவாகின்றது. யாரிடம் எவ்விதழ் உள்ளதென்பதை எந்த நூலகப் பட்டியலும் கூறாது. அதனை அறிந்தோர் வாசகர். அவர் ஒருங்கு கூடுமிடத்தில் மட்டுமே அவ்வறிவும் ஒருங்கு கூடும். அம்முதியோர் தொகை ஆண்டுக்காண்டு அருகி வருதலின், இதற்குக் காலம் குறுகியது என்பதும் உணரத்தக்கது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

சித்திரக்கதை வாசிப்பைக் கெடுக்கும் என்னும் ஐயம் ஆசிரியரிடையே பழமையானது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் வேர்தம், அவை சிறுவரைக் குற்றத்துக்குத் தூண்டும் என எழுதிய நூலால் பெரும் கிளர்ச்சி எழுந்து, வெளியீட்டாளர் தமக்குத் தாமே தணிக்கை விதித்துக்கொண்டனர். அவர் தம் முடிவுக்கேற்பச் சான்றுகளைத் திரித்தமை பிற்கால ஆய்வில் வெளியாயிற்று. தரங்குறைந்த நூல்கள் இத்துறையிலும் உள. எனினும் துறை முழுவதையும் விலக்குதல், நெல்லிற் பதருண்டென்று சூட்டையே எரித்தலை ஒக்கும்.

விழாவுக்குச் செல்வோர் பயன்பெறுதற்கு மூன்று செயல்கள் வேண்டும். முதலாவது, அச்சேறிய பெருநூல்களைப் பார்த்த பின்னர், இளம் ஓவியர் தாமே அச்சிட்டு வைத்திருக்கும் நூல்களுள் ஒன்றையேனும் விலைகொடுத்து வாங்குதல். பாராட்டுரையினும் அப்பணம் அவரது அடுத்த நூலுக்கு உதவும். இரண்டாவது, வீட்டிற் கிடக்கும் பழைய இதழைக் கொண்டுசென்று காட்டுதலும், படியெடுக்க இடந்தருதலும். மூன்றாவது, வாசித்த கதைபற்றிப் படைத்தவரிடமே குறைநிறைகளைக் கூறுதல்.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய கூட்டமொன்றை அமைத்தற்குப் பெரும்பொருள் தேவையன்று. பாடசாலை விடுமுறை நாளொன்றில் ஒரு மண்டபமும், மாணவர் வரைந்து நிழற்படியெடுத்த சிறுநூல்களுக்கு இருபது மேசைகளும், பழைய இதழ்களைப் படியெடுக்கும் கருவியொன்றும், மூத்த வாசகர் பேசுதற்கு ஒரு மணி நேரமும் போதும். சான் டியேகோவுக்கு முதலில் வந்தோர் நூற்றுவரே. ரோக்கியோவின் மேசைகள் முப்பத்திரண்டே. அத்தொகையை எட்டுதல் ஒரு கல்லூரியின் சித்திரக் கழகத்துக்கும் இயல்வதாகும். சவாரித் தம்பரை வரைந்த மண்ணில் அடுத்த தலைமுறைப் பாத்திரம் ஒன்று பிறத்தற்கு, அதனை வரையும் மாணவனும் அதற்காகக் காத்திருக்கும் வாசகரும் ஒருவரையொருவர் காணுதல் முதற்கண் வேண்டப்படுவதாம்.