'வித்தவுட்' டீ குடித்தும் வெயிட் குறையலையா? மளிகைச் சீட்டை எடுங்க!

"மாஸ்டர், ஒரு டீ... வித்தவுட்!"

ஒரு காலத்தில் சர்க்கரை நோயாளிகள் மட்டுமே சொன்ன வார்த்தை இது. இப்போது தொப்பையைக் குறைக்க நினைக்கும் 25 வயது இளைஞரும் சொல்கிறார். சொன்ன கையோடு கண்ணாடி பாட்டிலைத் திறந்து இரண்டு பட்டர் பிஸ்கட்டையும் எடுத்துக்கொள்கிறார். டீயில் மிச்சம் பிடித்த சர்க்கரை, பிஸ்கட் வழியாக உள்ளே போய்விடுகிறது!

'நான் அவ்வளவா ஸ்வீட்டே சாப்பிடறதில்லையே' என்பவர்கள், போன மாத மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 கிலோ சர்க்கரை தீர்கிறதா? அப்படியென்றால் ஆளுக்கு 1 கிலோ. ஒரு நாளைக்குச் சுமார் 33 கிராம். உலக சுகாதார நிறுவனம், நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்த கலோரியில் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவிகிதம் என்பது 25 கிராம். அதாவது, கடை ஜூஸ், பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ் எதையும் கணக்கில் சேர்க்காமலேயே வீட்டு டப்பா மட்டும் அந்த அளவைத் தாண்டிவிட்டது.

தினமும் நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. இதை விட்டால் மாதத்துக்கு 4,800 கலோரி மிச்சம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக, காகிதத்தில் மாதம் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இறங்கலாம். உடம்பு காகிதக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது என்பது வேறு விஷயம். ஆனாலும் 'பத்தே நாளில் 10 கிலோ' என்று சொல்பவர்களை நம்புவதைவிட இந்தக் கணக்கை நம்பலாம்.

நாட்டுச்சர்க்கரை நல்லதுதானே?

இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. ஊருக்கு ஊர் கருப்பட்டி காபிக் கடைகள் முளைத்துவிட்டன. மணமும் ருசியும் அருமை, மறுக்கவே முடியாது. ஆனால், எடை குறைக்க வழி அதுவல்ல. 10 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 40 கலோரி என்றால், அதே அளவு வெல்லத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால், ஒரு ஸ்பூனில் கிடைப்பது கொஞ்சம். அதை நம்பி இரண்டு ஸ்பூன் கூடுதலாகப் போட்டால் லாபம் எங்கே? தேனுக்கும் இதே கதைதான். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பூட்டிகளையும், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

நாக்கைப் பழக்குவதுதான் வழி. ஒரேயடியாக நிறுத்துகிறவர்களில் பலர் நாலாவது நாள் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்துப் பாருங்கள். சில வாரங்களில் பழைய டீ திகட்டும். இன்னொரு விஷயம், டீத்தூளைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் துவர்ப்பு ஏறும். அதை மறைக்கத்தான் சர்க்கரையை அள்ளிப் போடுகிறோம். சீக்கிரம் இறக்கி வடிகட்டினால் பாதி சர்க்கரையே போதும். ஃபில்டர் காபிக்காரர்களுக்கும் இதுதான். டிகாக்‌ஷன் நன்றாக இறங்கினால் சர்க்கரைக்கு வேலை குறைவு.

சர்க்கரையை விட்டும் எடை இறங்கவில்லையா?

அப்போது தட்டைப் பாருங்கள். காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம், ராத்திரி தோசை. இனிப்பே இல்லை, ஆனால் எல்லாமே மாவுச்சத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, நம் உணவின் கலோரியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. அதில் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு அதிர்ச்சி தரும் தகவல் ஒன்றும் உண்டு. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றினால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதில்லை. மொத்த மாவுச்சத்தையே குறைத்து, பருப்பு, பால், தயிர் போன்ற புரதத்தைக் கூட்ட வேண்டும். 'ராத்திரி சப்பாத்திதான்' என்று ஆறு சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் கவனிக்க!

செலவில்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது. பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். வயிறு முன்பே நிறைவதால் இரண்டாவது முறை சாதம் கேட்க மாட்டீர்கள். இதற்குச் சாதத்தைவிடப் பொரியல் அதிகமாகச் சமைக்க வேண்டும். காய் நறுக்கும் வேலையை வீட்டில் ஒருவர் தலையிலேயே கட்டினால் இந்தத் திட்டம் இரண்டு வாரம்கூட ஓடாது.

விருந்துக்குப் போன இடத்தில் "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று பாயசத்தை ஊற்றுவார்கள். ஊற்றினால் சாப்பிடுங்கள். மாதம் ஒரு கல்யாணப் பாயசம் யாரையும் குண்டாக்காது. தினமும் ஐந்து மணிக்கு வரும் பஜ்ஜியும் டீயும்தான் ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் இதையெல்லாம் தாங்களாகத் தொடங்கக் கூடாது. மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால், ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டே ஆரம்பியுங்கள்.

எடை மெஷினில் தினமும் ஏறி மனம் நோக வேண்டாம். தையல் பெட்டியிலிருக்கும் இன்ச் டேப் போதும். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், மூச்சை உள்ளே இழுக்காமல் அளந்து பாருங்கள்.