உப்புக் காற்றும் பழைய நாற்காலியும்

நம் இல்லங்களில் திண்ணை ஓரத்திலோ பரணிலோ, மெத்தை கிழிந்த பழைய நாற்காலி ஒன்று கிடப்பதைக் காணலாம். பாட்டனார் அமர்ந்ததாக இருக்கும். அல்லது திருமணச் சீராக வந்ததாக இருக்கும். பழைய சாமான் வாங்குவோர் தெருவில் குரல் கொடுக்கும் நாளில் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு வாங்கிக்கொள்கிறோம். கிழிந்தது மெத்தையேயன்றித் தேக்குச் சட்டம் கெடவில்லை என்பதை எவரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை.

நாம் நம் தாயாரின் நாற்காலியைக் கொடுத்துவிடவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பிழையொன்று செய்தோம். குறைந்த செலவில் முடியட்டும் என்று மலிவான ஸ்பாஞ்சும் சாதாரண இரும்பு ஆணியும் போட்டு ரெக்சின் தைத்து வாங்கினோம். மழைக்காலம் இரண்டு கடந்தன. ரெக்சின் ஆணி வரிசையோடு கிழிந்து தொங்கியது. ஸ்பாஞ்சு மஞ்சள் தூளாக உதிர்ந்தது. முன்சட்டம் நீளவாக்கில் வெடித்திருந்தது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கோரைப் பாயை விரித்துத் தரையில் அமர்ந்துகொண்டார்கள். அதுதான் நம்மை உறுத்தியது.

ஏன் இப்படி நேர்ந்தது? மரக்காணத்தில் நம்மைச் சுற்றிலும் உப்பளங்கள், கிழக்கே கடல். காற்றில் வரும் உப்பு, கண்ணுக்குத் தெரியாமல் துணியிலும் ஆணியிலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தூய உப்பே கசிந்து நீராகும். உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மிகுந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ, அதில் பாதிக்கும் குறைவான ஈரத்திலேயே கசிந்துவிடும். கடற்காற்றில் இரண்டும் உண்டு. ஆகவே நம் ஊரில் ஆணியின் தலை எந்நாளும் ஈரமாகவே இருக்கிறது என்று சொன்னாலும் மிகையன்று. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பெருத்து மரத்தைப் பிளக்கும். அத்துரு பருத்தித் துணியையும் அரித்துவிடும். எனவே மெத்தை கிழிவதன் மூலகாரணம் அமர்கிறவரின் பாரமன்று, ஆணியே.

இரண்டாம் முறை, கையால் தைக்கும் முதிய தொழிலாளர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் செய்த முதல் வேலை நமக்கு வியப்பளித்தது. பழைய உறையைக் கிழித்தெறியாமல், கடைசியாக அடித்த ஆணியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துணியை முழுதாக உரித்துத் தரையில் விரித்தார். அதுவே புதிய துணிக்கு அளவு. பிறகு ஆணித் துளைகளில் பசை தடவிய மரச்சிம்பை இறுக்கி அடைத்தார். வெடிப்பில் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பி, இரண்டு நாள் கட்டி வைத்தார். பருத்தி நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் முடைவதுபோல் பின்னி, விரலால் சுண்டினால் ஒலிக்குமளவு இழுத்து, செப்பு ஆணி அடித்தார். ஸ்பிரிங்குகளைச் சணல் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்தார்; அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் தென்னை நார். நார் நகராதிருக்கக் கோணி ஊசியால் தையலிட்டு, மேலே இலவம் பஞ்சைப் பரப்பினார். உறைத் துணியை மூலையிலிருந்து அடிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் தொடங்கி மூலையை நோக்கிச் சென்றார்; அப்போதுதான் சுருக்கம் விழாதாம்.

தென்னை நாரையும் இலவம் பஞ்சையும் பழையகாலச் சரக்கென்று நாம் ஒதுக்குகிறோம். ஆனால் கடலோரத்துக்கு இவற்றைவிடப் பொருத்தமானவை அரிது. நாருக்காகத் தேங்காய் மட்டையைக் காயல் நீரில் ஊறவைப்பதும் உண்டு. அந்நாரில் லிக்னின் என்னும் மரச்சத்து மிகுந்திருப்பதால் அது உப்பு நீரில் எளிதில் மக்காது. பாய்க்கப்பல்களுக்குக் கயிறு திரித்தது அதில்தானே! இலவம் பஞ்சின் இழைமேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, நீர் ஒட்டாது. முன்னாளில் கப்பல் பயணிகளின் உயிர்காப்புச் சட்டைகளில் அதை அடைத்தார்கள். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இருக்கைகளிலும் ரப்பர் பால் தெளித்த தென்னை நாரே இருந்தது. இங்கே தோப்பில் விளைவதை அங்கே காரில் வைத்தார்கள். நாமோ கடையில் ஸ்பாஞ்சு கேட்கிறோம்!

வண்டி இருக்கைகளைப் பற்றியும் ஒரு சொல். உப்பளத்துக்கு விடியுமுன் புறப்படும் குடும்பத் தலைவர்களின் இருசக்கர வண்டிகளில் பெரும்பாலும் சீட்டின் தையல் ஓரம் பிரிந்திருக்கும். அவ்வழியே புகும் மழைநீரை ஸ்பாஞ்சு பிடித்து வைத்துக்கொள்கிறது. அடித்தகடு இரும்பாயின் உள்ளிருந்தே துருவேறும். மேலே மற்றோர் உறையை மாட்டுவது புண்ணை மூடிக் கட்டுவதேயாகும். உறையைக் கழற்றி, ஸ்பாஞ்சை நல்ல நீரில் அலசி நிழலில் முற்றும் உலர்த்தி, தகட்டைச் சுரண்டி வண்ணம் பூசிய பின்பே புதிய ரெக்சினைத் தைக்க வேண்டும். பின் அடிப்பதானால் துருப்பிடிக்காத எஃகுப் பின்னையே கேட்டு வாங்குங்கள். விலை வேற்றுமை சிறிதே. வாரம் ஒருமுறை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சீட்டைத் துடைத்துக் காயவிட்டால் படிந்த உப்பு போய்விடும்.

2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இப்பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்த பின் நனைந்த ஸ்பாஞ்சு சோபாக்கள் தெருவோரம் கிடந்ததைக் கண்டோம். தாயாரின் நாற்காலியும் முழங்கால் நீரில்தான் நின்றது. வெயில் வந்ததும் உறையை ஒரு பக்கம் பிரித்து, பஞ்சையும் நாரையும் வெளியே எடுத்து, நல்ல நீரில் அலசி முற்றத்தில் ஒரு வாரம் காய வைத்தோம். அதே நாரையும் அதே பஞ்சையும் திரும்ப அடைத்தாயிற்று. சட்டத்தில் வெடிப்பை அடைத்த இடம் மட்டும் கைவைத்தால் இன்றும் சற்று மேடாகத் தட்டுப்படும். தாயார் அமரும்போதெல்லாம் அதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.