மாணவர் மனத்தை அளக்கும் வினாநிரல்: மொழிபெயர்ப்பும் உரிமையும்

மாணவர்களின் மனநிலையை அறிய ஆய்வாளர்கள் பரவலாகக் கையாளும் கருவிகளுள் ஒன்று, வாட்சன், கிளார்க், டெல்லெகன் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட ‘பானாஸ்’ என்னும் வினாநிரல். நேர்மறை உணர்ச்சிகளுக்கு 10 சொற்களும் எதிர்மறை உணர்ச்சிகளுக்கு 10 சொற்களும் கொண்ட இதில், ஒவ்வோர் உணர்ச்சியும் எந்த அளவுக்கு இருந்தது என்பதை 1 முதல் 5 வரையுள்ள எண்ணால் குறிக்க வேண்டும். இரு பகுதிகளும் தனித்தனியே கூட்டப்படுவதால் ஒவ்வொன்றிலும் 10 முதல் 50 வரை மதிப்பெண் கிடைக்கும்.

இருபது சொற்கள்தானே, அகராதியைப் புரட்டினால் தமிழாக்கிவிடலாம் என்று தோன்றும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ‘எக்ஸைட்டட்’ என்பதைக் ‘கிளர்ச்சி’ என்றால் போராட்டம் நினைவுக்கு வரும்; ‘பரபரப்பு’ என்றால் தேர்வறை வாசலின் படபடப்பு வந்துவிடும்; மூலத்தில் நேர்மறையாக நின்ற சொல் தமிழில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘அலர்ட்’ என்பது ‘எச்சரிக்கை’ ஆனாலும் இதே கதைதான். ‘அஷேம்ட்’ என்பதற்கு ‘வெட்கம்’ என்று எழுதினால், கூச்சமும் அவமானமும் ஒன்றாகக் கலந்துவிடும். ‘ஸ்கேர்ட்’, ‘அஃப்ரெய்டு’ இரண்டும் ‘பயம்’ என்றே வந்தால், ஒரே கேள்வியை இருமுறை கேட்டதாகி, விடைகள் ஒத்துப்போவதால், சொற்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்று காட்டும் ‘கிரான்பாக் ஆல்ஃபா’ என்ற நம்பகத்தன்மை எண் பொய்யாக உயரும். அது 0.7ஐத் தாண்டியதே போதும் என்று மகிழும் ஆய்வேட்டில் இந்தக் குறை கண்ணில் படாமலே போகலாம்.

ஆகவே, மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு தமிழ் வடிவத்தை மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவதும், மாணவர் சிலரை உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் செய்வதும், பின்னர் பலருடைய விடைகளைத் திரட்டி, சொற்கள் உண்மையிலேயே இரண்டு குழுக்களாகப் பிரிகின்றனவா என்று காரணிப் பகுப்பாய்வு செய்வதும் இன்றியமையாதவை. அளக்க எண்ணியதைத்தான் கருவி அளக்கிறதா என்று காணும் இச்சோதனையே ஏற்புடைமைச் சோதனை எனப்படுகிறது.

சோதிக்கப்படாத வடிவத்தின் மதிப்பெண்ணை வைத்து ஒரு மாணவரை ‘மனச்சோர்வு உடையவர்’ என்று முத்திரை குத்துவதே பெரிய ஆபத்து. சோதித்த வடிவமேயானாலும் பானாஸ் நோயறியும் கருவி அன்று. ‘கடந்த ஒரு வாரம்’ என்று கேட்கும் வடிவத்தைத் தேர்வு வாரத்தில் கொடுத்தால் விடை வேறாகத்தானே இருக்கும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், சிறார் பங்கேற்கும் ஆய்வுகளுக்குப் பெற்றோரின் இசைவோடு சிறாரின் ஒப்புதலையும் பொதுவாக வேண்டுகின்றன. தொடங்கிய பின்னும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காகத் தண்டனை கூடாது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்களித்தாலும், திரட்டிய தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது அவ்விலக்கின் நிபந்தனைகளுள் ஒன்று.

எனவே வினாநிரல் கைக்கு வரும்போது, தமிழ் வடிவம் எங்கே, எந்த வயதினரிடம் சோதிக்கப்பட்டது, பெயர் எழுதச் சொல்வது ஏன், விடைகளை ஆசிரியர் பார்ப்பாரா என்று பெற்றோரும் மாணவரும் கேட்கலாம். மறுமொழி நிறைவளிக்காவிட்டால் பங்கேற்க மறுக்கலாம். ஆய்வுத் தகவல் தாளில் குறிப்பிட்டுள்ள நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் புகார் அளிக்கலாம். விடையளிக்கையில் மனம் கலங்கிய மாணவருக்கு, 14416 என்ற எண்ணில் இயங்கும் ‘டெலி-மானஸ்’ சேவையில் இரவும் பகலும் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது.