கூரை தெரிவதில் என்ன ஆபத்து?

வளைகுடாவில் வேலை பார்க்கும் குமரி மாவட்டக் கருங்கல் ஊர்க்காரர், அங்கிருந்தே செல்போனில் தன் வீட்டுக் கூரையையும் பக்கத்து ரப்பர் விளையையும் பார்த்துவிடலாம். படத்தைக் கொஞ்சம் கிழக்கே தள்ளினால் கூடங்குளம் அணுமின் நிலையமும் தெரியும். அவர் பார்க்கலாம் என்றால் யாரும் பார்க்கலாமே?

குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் இந்தக் கவலையை 2005-லேயே வெளியிட்டார். செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கூகுள் எர்த் வந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கூகுள் எர்த்துக்குத் தடை கேட்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது.

ஆனால் அந்தச் சதிக்கு வானத்துப் படம் மட்டும் போதவில்லை. அதற்காக வேவு பார்த்த டேவிட் ஹெட்லி 2006 முதல் 2008 வரை ஐந்து முறை மும்பைக்கு வந்து தாஜ் ஓட்டலை வீடியோ எடுத்தார். படகில் சுற்றிக் கரையேற ஏற்ற இடங்களை ஜி.பி.எஸ். கருவியில் குறித்துக் கொடுத்தார்.

விற்பனைக்குக் கிடைக்கும் மிகத் துல்லியமான செயற்கைக்கோள் படங்களிலேயே ஒரு புள்ளி தரையில் சுமார் 30 செ.மீ. கார் தெரியும், நம்பர் பிளேட்டும் முகமும் தெரியாது. கூகுள் காட்டுவது நேரலையும் அல்ல. பல மாதங்களோ ஆண்டுகளோ பழையது.

எனவே சட்டத்தின் கண் தரைத் தகவல் மீதுதான். மத்திய அரசின் 2021 புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், தடை செய்யப்பட்ட விவரங்களை வரைபடத்தில் குறிக்கக் கூடாது என்கின்றன. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்தோடு, தடைசெய்யப்பட்ட இடங்களை வரைவது அலுவல் ரகசியச் சட்டம், 1923-ன்படி குற்றம். டிரோன் வரைபடத்தில் சிவப்பு மண்டலமாகக் குறித்த பகுதியில் டிரோன் பறக்கவிட மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

வீட்டுக்கும் இதே கணக்குதான். கூரை தெரிவதைவிட, 'குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறோம்' என்று இடக்குறிப்போடு போடும் பதிவுதான் திருடனுக்கு உதவும். கேமரா செயலிக்கு இட அனுமதியை நிறுத்தி வையுங்கள். கூகுள் தெருப்படத்தில் வீடு தெரிந்தால், 'சிக்கலைப் புகாரளி' வழியாக மங்கலாக்கக் கேட்கலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. படத்தையோ இருப்பிடத்தையோ வைத்து யாராவது மிரட்டினால், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள்.

இந்தப் படங்கள் மக்களுக்குச் சாட்சியாகவும் நிற்கும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களும் இருக்கின்றன. மலை குடையப்பட்டதையும் குளம் சுருங்கியதையும் ஆண்டு வாரியாக ஒப்பிடலாம். அவற்றைத் தேதி, சர்வே எண்ணோடு மனுவில் இணைத்து, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்; தீராவிட்டால் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகுங்கள்.