கடவுச்சீட்டுக்கு விலை போட்ட தீவு

முதலீடு செய்தால் ஐரோப்பியக் குடியுரிமை கிடைக்கும் என்ற விளம்பரம் இப்போது முகப்புத்தகத்தில் அடிக்கடி என் கண்ணில் படுகிறது. பெரும்பாலும் நீலக்கடலும் கடவுச்சீட்டும் சேர்ந்த படம். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். காணியை விற்றாவது பிள்ளையை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் எங்கள் மத்தியில் ஏராளம். ஆகவே இந்தத் திட்டங்கள் என்ன, யாருக்காக வந்தன, இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்பதை விளக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஐரோப்பாவில் இந்த வியாபாரத்தை நீண்டகாலம் நடத்திய நாடு மால்டா. மத்தியதரைக் கடலில், இத்தாலிக்கும் லிபியாவுக்கும் இடையில் இருக்கும் 316 சதுர கிலோமீற்றர் தீவுக்கூட்டம். மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தரை இலட்சம். சிறிய நாடு என்றாலும் 2004 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினர். மால்டாவின் குடிமகனாகும் ஒருவர் அதே கணத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகனும் ஆகிவிடுகிறார். ஜேர்மனியில் வேலை செய்யலாம், பிரான்ஸில் குடியேறலாம். பணம் கொடுத்தவர்கள் உண்மையில் வாங்கியது இந்தக் கதவைத்தான்.

2013 நவம்பரில் ஜோசப் மஸ்கட்டின் தொழிற்கட்சி அரசாங்கம் இதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. அரச நிதியத்துக்கு 650,000 யூரோ கொடுத்தால் குடியுரிமை என்பதே முதல் வடிவம். கண்டனங்கள் எழுந்த பிறகு, வீடு வாங்குதல் அல்லது வாடகைக்கு எடுத்தல், கடன் பத்திரங்களில் முதலீடு, 12 மாத வதிவிடம் ஆகியவை நிபந்தனைகளாகச் சேர்க்கப்பட்டன. 2020 இன் இறுதியில் விதிகள் மீண்டும் மாறின. 36 மாதங்கள் வதிவிட அனுமதி வைத்திருந்தவருக்கு 600,000 யூரோ. 12 மாதங்களில் வேண்டுமென்றால் 750,000 யூரோ. அதற்கு மேல் 700,000 யூரோ பெறுமதியான வீடு, அல்லது வருடம் 16,000 யூரோ வாடகை. தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு 10,000 யூரோ நன்கொடை. குறைந்த தொகையான 600,000 யூரோ மட்டுமே எங்கள் பணத்தில் ஏறத்தாழ இருபது கோடி ரூபா.

வதிவிடம் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். வதிவிட அட்டை கையில் இருந்தால் போதும், அங்கே வாழ வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. 2021 இல் வெளியான கசிந்த ஆவணங்கள் இதைக் காட்டின. விண்ணப்பதாரர்கள் மால்டாவில் தங்கத் திட்டமிட்டிருந்தது சராசரியாக 16 நாட்கள். வாடகைக்கு எடுத்த வீடுகள் பல ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன.

இந்த வியாபாரத்தைத் தொடர்ந்து கேள்விக்குட்படுத்தியவர்களில் ஒருவர் ஊடகவியலாளர் டஃப்னே கருவானா கலிசியா. அவர் 2017 ஒக்டோபர் 16 அன்று, பல ஊழல்களை ஆராய்ந்துகொண்டிருந்த நிலையில், கார்க்குண்டில் கொல்லப்பட்டார். கசிந்த அந்த ஆவணங்களைப் பின்னர் வெளிக்கொண்டுவந்தவர்களில் அவருடைய பெயரில் அமைந்த அறக்கட்டளையும் ஒன்று. எழுதியதற்காகக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர்களின் பட்டியல் நீண்டிருக்கும் நாட்டிலிருந்து எழுதும் எனக்கு, இந்தச் செய்தியைக் கடந்துபோவது எளிதாக இல்லை.

இன்னொரு திகதியும் இங்கே முக்கியம். குடியுரிமை விற்பனைச் சட்டம் நிறைவேறுவதற்கு ஒரு மாதம் முன்னர், 2013 ஒக்டோபர் 11 அன்று, லிபியாவிலிருந்து புறப்பட்ட படகு ஒன்று மால்டாவின் தேடல், மீட்புப் பொறுப்புக்குள் வரும் கடற்பரப்பில் கவிழ்ந்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் சிரியப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள். மூழ்குகிறோம் என்று அவர்கள் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் கெஞ்சினார்கள். யாருடைய பொறுப்பு என்று இத்தாலியும் மால்டாவும் ஒன்றையொன்று கைகாட்டியதில் மணித்தியாலங்கள் கழிந்தன. குழந்தைகள் உட்பட 200 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிரைக் காக்கும் கடமையில் இத்தாலி தவறியது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2021 இல் முடிவு கூறியது.

ஒரே தீவு, ஒரே கடல். பணத்தோடு வருபவருக்கு ஒரு வருடத்தில் குடியுரிமை. சாதாரணமாகக் குடியேறி உழைப்பவரிடம் அதே நாட்டின் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வதிவிடம் ஐந்து வருடம். அதன் பிறகும் முடிவு அமைச்சரின் கையில்.

சைப்பிரஸும் இதே வழியில் போனது. அங்கே விலை இரண்டு மில்லியன் யூரோ அளவிலான முதலீடு. குற்றப் பின்னணி உள்ள ஒருவருக்குக் கடவுச்சீட்டு எடுக்க உதவத் தயார் என்று நாடாளுமன்ற சபாநாயகரே பேசுவதை 2020 ஒக்டோபரில் அல்ஜசீரா இரகசியமாகப் படம்பிடித்து வெளியிட்டது. அடுத்த மாதமே திட்டம் நிறுத்தப்பட்டது. வழங்கப்பட்ட 6,779 குடியுரிமைகளில் பாதிக்கு மேற்பட்டவை சட்டத்துக்கு மாறானவை என்று பின்னர் விசாரணைக்குழு கண்டறிந்தது.

மால்டா மட்டும் விடவில்லை. ஐரோப்பிய ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாருக்குக் குடியுரிமை கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானிக்கலாம். ஆனால் குடியுரிமை என்பது அரசுக்கும் மனிதருக்கும் இடையிலான நம்பிக்கையும் பரஸ்பர கடமையும் சேர்ந்த உறவு. அதை முன்கூட்டியே விலை குறித்த கொடுக்கல் வாங்கலாக்குவது ஒன்றியத்தின் சட்டத்துக்கு முரணானது. இதுவே தீர்ப்பின் சாரம். அதே வருடம் ஜூலையில் மால்டா நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

உறவு என்ற அந்தச் சொல் எங்கள் வரலாற்றையும் நினைவுபடுத்துகிறது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்தவர்களிடம் அரசு ஆவணத்தைக் கேட்டது, வருமானத்துக்கு ஆதாரம் கேட்டது. அந்த அநீதியைச் சட்டத்தில் சரிசெய்ய 2003 வரை ஆனது. நூறு வருட உழைப்பு உறவாகத் தெரியவில்லை, 16 நாள் பயணம் உறவாகத் தெரிந்தது. குடியுரிமையை யார் எதை வைத்து அளக்கிறார்கள் என்பதே எப்போதும் கேள்வி.

இனி விளம்பரங்களுக்கு வருவோம். யாராவது ஐரோப்பியக் குடியுரிமை என்று பணம் கேட்டால் மூன்று விடயங்களை மனதில் வைத்திருங்கள்.

முதலாவது, விலை குறித்துக் குடியுரிமை விற்கும் திட்டம் இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டிலும் இல்லை. பல்கேரியாவும் 2022 இல் மூடிவிட்டது. சில மில்லியன் ரூபாவுக்கு மால்டாக் கடவுச்சீட்டு என்பவர் பொய் சொல்கிறார். திட்டம் இருந்த காலத்திலேயே அந்த விலைக்கு அது கிடைக்கவில்லை.

இரண்டாவது, கோல்டன் விசா என்பது குடியுரிமை அல்ல. கிரேக்கம், போர்த்துக்கல் போன்ற நாடுகள் முதலீட்டுக்குக் கொடுப்பது வதிவிட அனுமதி மட்டுமே. அதற்கும் இலட்சக்கணக்கான யூரோ வேண்டும். பேச்சில் இரண்டையும் கலந்துவிடுவதுதான் முகவர்களின் வழக்கமான உத்தி.

மூன்றாவது, வேறு நாட்டின் குடியுரிமையைப் பெறும் இலங்கையர் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். காணி, வழக்கு, காணாமல் ஆக்கப்பட்ட உறவினர் தொடர்பான முறைப்பாடு என்று இங்கே முடியாத விடயங்கள் உள்ளவர்கள், சட்டத்தரணி ஒருவரிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

இந்தத் திட்டங்கள் ஒருபோதும் போரிலிருந்து தப்பியவர்களுக்காக வந்தவை அல்ல. அவர்களுக்கென்று இருப்பது 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம். அதன் கீழ் தஞ்சம் கோருவதற்கு விலை கிடையாது. அந்தக் கதவைத்தான் ஐரோப்பா வருடத்துக்கு வருடம் ஒடுக்கிக்கொண்டு வருகிறது.