பதினெட்டு மாதத்திலிருந்து நான்கு மாதத்துக்கு

1948இல் பிரிட்டன் மருத்துவர்கள் ஒரு நற்செய்தி சொன்னார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்ட 55 காசநோயாளிகளில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர்தான். வெறும் படுக்கை ஓய்வில் இருந்த 52 பேரில் 14 பேர் இறந்திருந்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து மறுபடி எண்ணினார்கள். ஊசி போட்டவர்களில் 32 பேர் போயிருந்தார்கள். போடாதவர்களில் 35 பேர். மருந்து மீட்டுக் கொடுத்த உயிர்களில் பெரும்பாலானவற்றை, மருந்துக்கு மசியாத கிருமி திரும்பப் பறித்துக்கொண்டது.

அந்த நாட்களில் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனை ஆய்வகத்தில், இப்படி மசியாமல் போன கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்த இளைஞர் டெனிஸ் மிச்சிசன். 1919இல் பிறந்தவர். இந்தியாவில் வந்து குடியேறிய விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேனின் தங்கை மகன். நுரையீரலில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் ஒரு சில இயல்பிலேயே ஒரு மருந்துக்கு அடங்காதவை; மற்றவை மடிந்ததும் அவை பெருகிவிடும். ஆனால் இரண்டு மருந்துக்கும் ஒருசேர அடங்காத கிருமி அரிதினும் அரிது. கூட்டு மருந்து என்ற பாதை இந்தக் கணக்கில் பிறந்தது. மிச்சிசன் வாழ்நாள் முழுவதும் நடந்த பாதையும் அதுதான்.

அன்று காசநோய் என்றால் சானடோரியம். குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் அதை நடத்தினார். அதன் கிருமியியல் பணிக்கு லண்டனிலிருந்து மிச்சிசன் துணை நின்றார். 193 ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கும் மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மாத்திரைகள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். அவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. குணமாக்கியது மருந்துதான், மலைக்காற்றும் பால் முட்டையும் அல்ல என்பதை 1959இல் உலகம் சென்னையிடமிருந்து தெரிந்துகொண்டது. இன்று பெரும்பாலான நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுகிறார்கள் என்றால், அந்த ஏழை வீடுகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்த கேள்வி காலம். அன்று பதினெட்டு மாதம் மருந்து. கூலி வேலைக்குப் போகிறவர் அவ்வளவு நாள் எப்படித் தாங்குவார்? இருமல் நின்றதும் மாத்திரையும் நிற்கும். நோய் திரும்பி வரும். 1970களில் ஃபாக்ஸும் மிச்சிசனும் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடத்திய சோதனைகள், ரிஃபாம்பிசினோ பைரசினமைடோ சேர்ந்தால் ஆறு மாதம் போதும் என்று காட்டின. அது ஏன் என்பதற்கும் மிச்சிசன் விளக்கம் சொன்னார். வேகமாகப் பெருகும் கிருமிகளை ஐசோநியாசிட் கொல்கிறது. உறங்கிக்கிடந்து அவ்வப்போது விழிப்பவற்றை ரிஃபாம்பிசின் கொல்கிறது. அமிலச் சூழலில் பதுங்கியவற்றை பைரசினமைடு தேடிப் பிடிக்கிறது. மாதங்கள் தேவைப்படுவது அந்த உறங்குமூஞ்சிகளுக்காகத்தான்.

அன்று ஒரு மருந்தின் பலன் தெரிய ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய முதல் சில நாட்களில் நோயாளியின் சளியில் கிருமி எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் முறையை, 1980இல் நைரோபி ஆய்வின் வழியே மிச்சிசனும் நண்பர்களும் நிலைநிறுத்தினார்கள். இன்று புதிய காசநோய் மருந்துகள் கடக்கும் முதல் வாசல்களில் அதுவும் ஒன்று.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. தொண்ணூறைத் தாண்டிய வயதிலும் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவப் பள்ளியில் ஆறு மாதத்தை நான்காக்கும் முயற்சியில் இருந்தார். 2014இல் வெளியான ஆய்வில் மாக்ஸிஃப்ளாக்சசினும் ரிஃபாபென்டினும் சேர்ந்த நான்கு மாத சிகிச்சை தோற்றது. நோய் பலருக்குத் திரும்பி வந்தது. 2018இல், 98 வயதில், அவர் மறைந்தார். 2021இல் அதே இரண்டு மருந்துகளை நாள் தவறாமல் கொடுத்த வேறொரு ஆய்வு வென்றது: நான்கே மாதம்! அதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

இன்று பெடாக்குலின், பிரிட்டோமானிட் என்ற புதிய மருந்துகள் வந்துவிட்டன. பல மருந்துகளுக்கு அடங்காத நோய்க்கு, காதைச் செவிடாக்கக்கூடிய ஊசிகளோடு இரண்டு ஆண்டு வரை இழுத்த சிகிச்சை, மாத்திரைகளாலேயே ஆறு மாதத்தில் முடிகிறது. ஆனாலும் 2023இல் மட்டும் உலகில் சுமார் 12.5 லட்சம் பேர் காசநோயால் இறந்தார்கள். பெடாக்குலினுக்கு மசியாத கிருமிகளும் தலைகாட்டத் தொடங்கிவிட்டன.

அதனால்தான் அந்த 55 பேரின் கணக்கு எனக்குப் பழங்கதையாகத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் 4, ஐந்து ஆண்டில் 32. புதிய மருந்து ஒவ்வொன்றையும் துணை மருந்துகளோடு, சொன்ன நாள் வரை, ஒரு வேளையும் விடாமல் நோயாளியின் கையில் சேர்ப்பதே அந்த 32 பேருக்கு நாம் சொல்லக்கூடிய பதில்.